பன்னிரண்டு இடங்கள்: 1992 அமெரிக்கக் கூடைப்பந்து அணித் தேர்வும் தீராத வழக்கும்

1992ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க ஆடவர் கூடைப்பந்து அணி, ‘டிரீம் டீம்’ என்ற பட்டப்பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. அந்தக் கனவு அணி ஆடிய எட்டு ஆட்டங்களில் மிகக் குறைந்த வெற்றி வித்தியாசம் 32 புள்ளிகள். அதுவும் குரோவேஷியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், 117–85 என்ற கணக்கில் நேர்ந்தது. எட்டு ஆட்டங்களின் சராசரி வித்தியாசம் 44 புள்ளிகளை நெருங்கியது. பயிற்சியாளர் சக் டேலி அந்தத் தொடர் முழுவதிலும் ஒருமுறைகூட ‘டைம்அவுட்’, அதாவது ஆட்டத்தை நிறுத்தித் தன் வீரர்களோடு பேசுவதற்கான இடைவேளை, கேட்கவில்லை. களத்தில் இவ்வளவு தெளிவாகத் தீர்ப்பான ஓர் அணியைப் பற்றி வாதிட எதுவும் எஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் அதன் பன்னிரண்டு இடங்களுக்கு யார் யார் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டனர், யார் விடுபட்டனர், விட்டது முறைதானா என்ற வழக்கு, முப்பது ஆண்டுகள் கடந்தும் நூல்களிலும் ஆவணப்படங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிறது.

இது வழக்கத்துக்கு மாறானது. தோற்ற அணியின் தேர்வு விசாரணைக்கு உள்ளாவதும், வென்ற அணியின் தேர்வு மறக்கப்படுவதும்தான் விளையாட்டில் இயல்பு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு முன் பாப் நைட் என்ற கண்டிப்பான கல்லூரிப் பயிற்சியாளர், புளூமிங்டனில் நடந்த தேர்வு முகாமிலிருந்து சார்லஸ் பார்க்லி, ஜான் ஸ்டாக்டன், கார்ல் மலோன் ஆகிய மூவரையும் வீட்டுக்கு அனுப்பினார். எட்டே ஆண்டுகளில் இம்மூவரும் கனவு அணியில் இடம்பெற்றார்கள் என்றால், நைட்டின் தேர்வில் எவ்வளவு பெரிய பிழை இருந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனாலும் அந்த அணி தோல்வியின்றித் தங்கம் வென்றது; அதனால் இன்று அது ஒரு சுவையான துணுக்காக மட்டுமே நினைவுகூரப்படுகிறது. மாறாக 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஜான் தாம்ப்சன் வழிநடத்திய கல்லூரி மாணவர் அணி அரையிறுதியில் சோவியத் ஒன்றியத்திடம் 82–76 என்று தோற்றபோது, தற்காப்பாளர்களை மிகுதியாகவும் தொலைவிலிருந்து குறிபார்த்து எறிவோரைக் குறைவாகவும் எடுத்துச் சென்றார் என்ற குற்றச்சாட்டு உடனே எழுந்தது. வென்றும் விசாரணைக்குள்ளான அணி என்ற வகையில் 1992ஆம் ஆண்டு அணி தனித்து நிற்கிறது. அதற்கான காரணத்தை அந்தத் தேர்வு நடந்த முறையிலேயே தேட வேண்டியிருக்கிறது.

தொழில்முறை வீரர்கள் ஒலிம்பிக்கில் ஆடலாம் என்ற முடிவை அமெரிக்கா கேட்டுப் பெற்றதாகப் பலரும் கருதுவதுண்டு, உண்மை வேறு. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 1989 ஏப்ரலில் மியூனிக் நகரில் கூடி, 56க்கு 13 என்ற வாக்குக் கணக்கில் இத்தடையை நீக்கியபோது, எதிர்த்து வாக்களித்தோரில் சோவியத் ஒன்றியத்தோடு அமெரிக்காவும் இருந்தது. தடையை நீக்க நெடுங்காலம் முயன்றவர் கூட்டமைப்பின் பொதுச்செயலாளரான போரிஸ் ஸ்டான்கோவிச் என்ற யூகோஸ்லாவியர். அதுவரை நடைமுறையில் தடைக்குள்ளாகியிருந்தவர்கள் அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏயின் வீரர்கள் மட்டுமே. ஐரோப்பியக் குழுக்களிலிருந்து நல்ல ஊதியம் பெற்றோர் ‘அமெச்சூர்’, அதாவது பொழுதுபோக்கு ஆட்டக்காரர், என்ற பெயரில் தாராளமாக ஆடிவந்தனர். 1987இல் இண்டியானாபொலிஸில் நடந்த பான் அமெரிக்கன் போட்டியின் இறுதியாட்டத்தில் 46 புள்ளிகள் குவித்து அமெரிக்க அணியை அதன் சொந்த மண்ணிலேயே வீழ்த்திய பிரேசிலின் ஆஸ்கார் ஷ்மிட், தன் நாட்டு அணிக்கு ஆடும் உரிமை பறிபோகக் கூடாது என்பதற்காக என்பிஏ அழைப்பை மறுத்தவர். எனவே மியூனிக் முடிவு ஒரு பாசாங்கை முடித்துவைத்தது என்று சொல்வதே பொருந்தும்.

ஆனால் அமெரிக்காவுக்குள் அந்த முடிவு ஒரு பழைய அதிகாரப் பங்கீட்டைக் குலைத்தது. ஒலிம்பிக் அணி என்பது கல்லூரிகளின் உடைமையாக இருந்தது. கல்லூரிப் பயிற்சியாளர்களே அதைத் தேர்ந்தெடுத்து வழிநடத்தினார்கள். இனி என்பிஏ உள்ளே வர வேண்டும், கல்லூரிகள் முற்றாக வெளியேறிவிடவும் கூடாது. இந்த இரு தரப்பையும் சேர்த்து அமைக்கப்பட்ட தேர்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சி. எம். நியூட்டன் என்ற கல்லூரி நிர்வாகி. என்பிஏயின் சார்பில் முன்னின்று வீரர்களோடு தொலைபேசியில் பேசியவர் ராட் தார்ன். தலைமைப் பயிற்சியாளராக என்பிஏயிலிருந்து டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் குழுவின் சக் டேலி அமர்த்தப்பட்டார். துணைப் பயிற்சியாளர்கள் மூவரில் லென்னி வில்கன்ஸ் தொழில்முறை ஆட்டத்தையும், மைக் ஷஷெவ்ஸ்கியும் பி. ஜே. கார்லெசிமோவும் கல்லூரி ஆட்டத்தையும் சார்ந்தவர்கள். பன்னிரண்டு இடங்களில் பத்து 1991 செப்டம்பர் 21 அன்று அறிவிக்கப்பட்டன. மீதி இரண்டும் 1992 மே மாதம் வரை நிறுத்திவைக்கப்பட்டு, அவற்றில் ஒன்று கல்லூரி வீரர் ஒருவருக்கென ஒதுக்கப்பட்டது. ஒரு கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரிக்கும்போது மூத்தவருக்கு மனக்குறை வராமல் ஒரு சிறு துண்டு நிலத்தை எழுதிவைப்பதைப் போன்றது இந்த ஒதுக்கீடு.

முதல் பத்துப் பெயர்கள் இவை: மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட், சார்லஸ் பார்க்லி, கார்ல் மலோன், ஜான் ஸ்டாக்டன், பேட்ரிக் யூயிங், டேவிட் ராபின்சன், ஸ்காட்டி பிப்பன், கிறிஸ் முல்லின். ஒரே அளவுகோலால் இந்தப் பத்துப் பேரும் அளக்கப்படவில்லை என்பது பட்டியலைக் கூர்ந்து பார்த்தாலே விளங்கும். ஜான்சனும் பேர்டும் 1980களில் என்பிஏயைத் தூக்கி நிறுத்திய இருவர் என்ற மரியாதையில் வந்தவர்கள். பேர்டின் முதுகு ஏற்கெனவே பழுதுபட்டிருந்தது. பார்சலோனா முடிந்து பத்து நாட்களில், 1992 ஆகஸ்ட் 18 அன்று, அவர் ஓய்வை அறிவித்தார். ஜான்சனோ, பெயர் அறிவிக்கப்பட்டு ஏழு வாரங்களுக்குள், நவம்பர் 7 அன்று, தமக்கு எச்ஐவி தொற்று இருப்பதை வெளிப்படுத்தி என்பிஏயிலிருந்து விலகினார். ஆனாலும் அவருடைய ஒலிம்பிக் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பிப்ரவரியில் ஆர்லண்டோவில் நடந்த நட்சத்திர ஆட்டத்தில் 25 புள்ளிகள் எடுத்து, சிறந்த வீரர் விருதையும் பெற்று, அந்த இடத்துக்குத் தாம் உரியவர் என்று அவர் காட்டியது உண்மை. எனினும், ஒரு முழுப் பருவத்தையும் ஆடாத ஒருவரை அணியில் வைத்திருப்பது ஆட்டத்திறன் சார்ந்த முடிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

முல்லினும் பிப்பனும் வேறு வகைக் கணக்கில் வந்தவர்கள். அக்காலத்தில் என்பிஏயில் ‘சோன்’ தற்காப்பு, அதாவது ஒவ்வொரு தற்காப்பாளரும் ஓர் எதிராளியைப் பின்தொடராமல் களத்தின் ஒரு பகுதியைக் காக்கும் முறை, தடைசெய்யப்பட்டிருந்தது. சர்வதேச ஆட்டத்தில் அதற்குத் தடை இல்லை. மூன்று புள்ளிக் கோடும் அங்கே கூடைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் அருகில், 6.25 மீட்டரில், வரையப்பட்டிருந்தது. கூடைக்குக் கீழே கூடிநிற்கும் தற்காப்பைத் தொலைவிலிருந்து எறிந்தே கலைக்க வேண்டும் என்னும்போது, இடக்கைக்காரரான முல்லினைப் போன்ற ஒருவர் அணிக்குத் தேவைப்பட்டார். பார்சலோனாவில் அவர் எறிந்த மூன்று புள்ளி எறிகளில் பாதிக்கு மேல் கூடையில் விழுந்தன. பிப்பன் தேர்வான நாளில் ஒரே ஒரு நட்சத்திர ஆட்டத்தில்தான் ஆடியிருந்தார். அவரை விடப் புகழ்பெற்ற முன்கள வீரர்கள், அட்லாண்டாவின் டொமினிக் வில்கின்ஸ் உட்பட, அப்போது இருந்தனர். ஆனால் நான்கு நிலைகளில் ஆடவும், எதிரணியின் எந்த நட்சத்திரத்தையும் மடக்கவும் வல்லவர் என்ற கணிப்பில் பிப்பன் எடுக்கப்பட்டார். குழு செய்த தேர்வுகளிலேயே மிகக் கூர்மையானது இது என்று சொல்லத் தோன்றுகிறது. அதன் பலன் பின்னர் எதிர்பாராத வகையில் தெரியவந்தது.

இவ்வாறு மரியாதையும் தேவையும் வெவ்வேறு இடங்களை நிரப்பிய பட்டியலில் இல்லாத பெயர்தான் வழக்கின் மையம். டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் தலைவரான ஐசையா தாமஸ் 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தன் குழுவுக்குச் சாம்பியன் பட்டம் பெற்றுத் தந்தவர்; 1990 இறுதிப் போட்டியின் சிறந்த வீரர். பத்துப் பேரில் அந்நாள்வரை என்பிஏ பட்டத்தை வென்றிருந்தோர் ஜோர்டன், பிப்பன், ஜான்சன், பேர்ட் ஆகிய நால்வர் மட்டுமே. அதற்கும் மேலாக, ஒலிம்பிக் அணியின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டிருந்தவர் தாமஸின் சொந்தப் பயிற்சியாளரான டேலி. டெட்ராய்ட் குழுவின் பொது மேலாளரும் தேர்வுக் குழு உறுப்பினருமான ஜாக் மெக்லாஸ்கி, தாமஸ் விடுபட்டதைக் கண்டித்துத் தேர்வுக் குழுவிலிருந்தே விலகினார். டேலி தன் தளபதிக்காகப் பகிரங்கமாகக் கொடி தூக்கவில்லை.

விடுபட்டதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் ஜோர்டனின் பகை. பிஸ்டன்ஸ் குழு 1988, 1989, 1990 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜோர்டனின் குழுவான சிகாகோ புல்ஸை வெளியேற்றியது. ஜோர்டன் கூடையை நெருங்கும்போதெல்லாம் அவரை உடலால் மோதித் தடுக்கும் திட்டம் ‘ஜோர்டன் விதிகள்’ என்றே பெயர் பெற்றது. 1991 மே மாதம் புல்ஸ் நான்கு ஆட்டங்களையும் வென்று கணக்கைத் தீர்த்தபோது, கடைசி ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கையிலேயே தாமஸும் அவர் தோழர்களும் கைகுலுக்காமல் களத்தைவிட்டு நடந்தனர். அதற்கு நான்கு மாதங்களுக்குப் பின் பட்டியல் வந்தது. இதற்கிடையில் ஜோர்டனின் சம்மதம் எளிதாகக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே 1984இல் தங்கம் வென்றிருந்த அவர் கோடை ஓய்வை இழக்கத் தயங்கினார். அவர் இல்லாத கனவு அணியை விற்கவும் முடியாது, தொலைக்காட்சியில் காட்டவும் முடியாது என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர்.

சான்றுகள் என்ன சொல்கின்றன? 2020இல் வெளியான ‘தி லாஸ்ட் டான்ஸ்’ என்ற ஆவணத்தொடரில் ஜோர்டன், தாமஸை விலக்கும்படி தான் யாரிடமும் கேட்கவில்லை என்றார். அதே ஆண்டில் பத்திரிகையாளர் ஜாக் மெக்கலம் வெளியிட்ட, 2011இல் பதிவான நேர்காணல் ஒலிப்பதிவில், தாமஸ் அணியில் இருந்தால் தான் ஆடப்போவதில்லை என்று ராட் தார்னிடம் சொன்னதாகவும், டேலியே தாமஸை விரும்பவில்லை என்று தார்ன் பதில் சொன்னதாகவும் அதே ஜோர்டன் கூறுகிறார். தார்னோ, அப்படி ஒரு நிபந்தனை வைக்கப்படவே இல்லை என்று தொடர்ந்து மறுத்துவந்திருக்கிறார். ஒருவரின் இரண்டு கூற்றுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. தார்னின் கூற்று அவற்றில் ஒன்றோடு மட்டுமே பொருந்துகிறது. ஜான்சன் 2009இல் பேர்டோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் கூறியது இன்னும் கசப்பானது: தாமஸோடு ஆட விரும்பியவர் யாருமில்லை, தன் வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டவர் அவரேதான் என்பது அதன் சாரம். ஜான்சனும் தாமஸும் ஒரு காலத்தில் ஆட்டத்துக்கு முன் கன்னத்தில் முத்தமிட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிய நண்பர்கள் என்பதால், இந்தச் சாட்சியத்துக்குக் கனம் அதிகம். ஆக, ஒருவர் மட்டும் மறுத்ததாகச் சொல்லும் கதை போதுமானதாக இல்லை. மறுப்பு பலரிடம் இருந்தது, அதைச் சொல்லத் துணிந்த குரல் யாருடையது என்பதில்தான் ஐயம்.

நடத்தையே காரணம் என்ற வாதமும் முழுமையாக நிற்கவில்லை. பார்க்லி 1991 மார்ச்சில், தன்னை இழிவாகப் பேசிய பார்வையாளர்மீது துப்ப முயன்று அருகிலிருந்த சிறுமியின்மீது துப்பியதற்காகத் தடைக்கும் அபராதத்துக்கும் உள்ளானவர். அவர் ஆறு மாதத்தில் தேசிய அணியில் இடம்பெற்றார். பார்சலோனாவில் முதல் ஆட்டத்திலேயே அங்கோலா வீரர் ஒருவரை முழங்கையால் இடித்து உலகின் கண்டனத்தைச் சம்பாதித்தவரும் அவரே, அணியில் மிகுதியான புள்ளிகள் எடுத்தவரும் அவரே. சக வீரர்களுக்குப் பிடித்த முரடர் உள்ளே வந்தார், பிடிக்காத முரடர் வெளியே நின்றார் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

ஆட்டத்திறன் என்ற அளவில் மட்டும் பார்த்தால், 1991 செப்டம்பரில் தாமஸுக்கு நேர் போட்டியாளர் யூட்டா ஜாஸின் ஸ்டாக்டன். இருவரும் ‘பாயிண்ட் கார்ட்’, அதாவது பந்தைத் தன் பாதியிலிருந்து கொண்டுவந்து தாக்குதலை வகுத்துக் கொடுப்பவர், என்ற நிலையில் ஆடியவர்கள். இந்நிலைக்கு உரிய முதன்மை அளவு ‘அசிஸ்ட்’. கூடையில் விழும் எறிக்கு நேர் முன்பாகப் பந்தைக் கைமாற்றிக் கொடுத்தவருக்கு அது கணக்கில் சேர்கிறது. 1984–85 பருவத்தில் 1,123 அசிஸ்டுகள் கொடுத்துத் தாமஸ் படைத்த சாதனையை, 1987–88இல் 1,128 கொடுத்து முறியடித்தவர் ஸ்டாக்டன்; 1990–91இல் அவர் அதை 1,164 ஆக உயர்த்தினார். அதே பருவத்தில் தாமஸ் மணிக்கட்டு அறுவைச் சிகிச்சையால் 82 ஆட்டங்களில் 48இல் மட்டுமே ஆடினார். தன்னைச் சுற்றிப் பத்து நட்சத்திரங்கள் நிற்கும் ஓர் அணியில் பந்தைத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பாத ஒருவரே தேவை என்றால், அன்றைய நிலையில் ஸ்டாக்டனைத் தேர்ந்தெடுத்தது நியாயமான முடிவு என்றே இக்கட்டுரை கருதுகிறது. தாமஸின் ஆதரவாளர்கள் பட்டங்களை எண்ணுகிறார்கள். பட்டம் ஒரு குழுவின் சாதனை, அதை ஒருவரின் தகுதிச் சான்றாக்கினால் ராபின்சனையும் யூயிங்கையும் பார்க்லியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும்.

ஒப்பீட்டைக் களத்துக்கே கொண்டுபோக முனைந்தவர் தாமஸ். 1991 நவம்பரில் டெட்ராய்டில் ஜாஸுக்கு எதிராக, ஸ்டாக்டனைத் தன் முன் நிறுத்தி, அவர் 44 புள்ளிகள் குவித்தார். அடுத்த மாதம் சால்ட் லேக் சிட்டியில் இரு குழுக்களும் மீண்டும் சந்தித்தபோது, ஸ்டாக்டனின் தோழரும் ஒலிம்பிக் அணிக்குத் தேர்வானவருமான மலோனின் முழங்கை தாமஸின் புருவத்தைப் பிளந்தது. நாற்பது தையல்கள் போடப்பட்டன, மலோனுக்கு ஓர் ஆட்டத் தடையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. தேர்வுக் குழுவின் அறையில் அமைதியாக முடிந்த ஒரு விவகாரம் எந்த அளவுக்கு வீரர்களிடையே ரணமாகியிருந்தது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

குழுவின் உண்மையான பிழை முதல் பட்டியலில் இல்லை. அது 1992 மே மாதத்து இரண்டாம் சுற்றில் நேர்ந்தது. இடைப்பட்ட எட்டு மாதங்களில் நிலைமை மாறியிருந்தது. அணியின் முதல் பாயிண்ட் கார்டான ஜான்சன் என்பிஏயை விட்டு விலகி, ஆட்டப் பழக்கமில்லாமல் இருந்தார். அவருக்கு அடுத்து ஸ்டாக்டன் ஒருவரே. எஞ்சிய ஒரே தொழில்முறை இடத்துக்கு அதே நிலையில் ஆடுபவர் ஒருவரைத் தேடியிருக்க வேண்டும். தாமஸ் வேண்டாம் என்றால், ஓர் ஆட்டத்துக்குப் பத்து அசிஸ்டுகளும் 23 புள்ளிகளுமாக அந்தப் பருவத்தை முடித்த கோல்டன் ஸ்டேட்டின் டிம் ஹார்டவே இருந்தார். ஃபீனிக்ஸின் கெவின் ஜான்சன் இருந்தார். குழு தேர்ந்தெடுத்தது போர்ட்லண்டின் கிளைட் டிரெக்ஸ்லரை. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதுக்கான வாக்கெடுப்பில் ஜோர்டனுக்கு அடுத்த இடம் பெற்று, தன் குழுவை இறுதிப் போட்டிவரை கொண்டுசென்றவர் என்ற முறையில் டிரெக்ஸ்லரின் தகுதி கேள்விக்கு அப்பாற்பட்டது. ஆனால் அவர் ஆடிய நிலை ஜோர்டன் ஆடிய அதே நிலை. தகுதிக்கு இடம் கிடைத்தது, தேவைக்குக் கிடைக்கவில்லை.

கல்லூரிக்கென ஒதுக்கிய இடம் டியூக் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் லேட்னருக்குப் போனது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷகில் ஓ’நீல் அப்போது இருபது வயதில், ஓர் ஆட்டத்துக்கு 24 புள்ளிகளும் 14 ‘ரீபவுண்டு’களும், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்துகளைக் கைப்பற்றுதலும், எடுத்துவந்தார். அடுத்த மாதம் என்பிஏ குழுக்கள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலாவதாக எடுக்கப்பட்டவர் அவர், மூன்றாவதாக எடுக்கப்பட்டவர் லேட்னர். இருவரும் பின்னர் அடைந்த உயரங்களை வைத்து லேட்னரின் தேர்வைக் கேலி செய்வது எளிது. 1992 மே மாதத்தின் கண்ணோடு பார்த்தால், லேட்னர் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் தேசியப் பட்டம் வென்ற அணியின் தூண், அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர், 1990 உலகப் போட்டியிலும் 1991 பான் அமெரிக்கன் போட்டியிலும் நாட்டுக்காக ஆடிய அனுபவசாலி. அந்த இடம் கல்லூரி உலகுக்குச் செலுத்தப்பட்ட மரியாதை என்றால், கல்லூரி ஆட்டத்தின் முகமாக இருந்தவருக்கு அது போனதில் முரண் இல்லை. அவருடைய கல்லூரிப் பயிற்சியாளரான ஷஷெவ்ஸ்கி ஒலிம்பிக் அணியின் துணைப் பயிற்சியாளர்களில் ஒருவராக இருந்தது மட்டும் சற்று உறுத்துகிறது.

ஜூன் இறுதியில் போர்ட்லண்டில் நடந்த அமெரிக்கக் கண்டத் தகுதிப் போட்டியிலேயே இரண்டாம் சுற்றுத் தேர்வின் குறை வெளிப்பட்டது. ஜோர்டனோடு மோதியதில் ஸ்டாக்டனின் காலெலும்பு முறிந்தது. பார்சலோனாவின் முதல் நான்கு ஆட்டங்களில் அவர் இறங்கவில்லை. ஜான்சனும் முழங்கால் வலியால் இரண்டு ஆட்டங்களைத் தவறவிட்டார். உலகின் மிகச் சிறந்த வீரர்களைக் கொண்ட அணியில் பாயிண்ட் கார்ட் ஒருவர்கூட முழு உடல்நலத்தோடு இல்லாத நாட்கள் வந்தன. மாற்று வீரரை அழைக்கும் யோசனைக்கு இடம் கொடுக்காமல், டேலி பந்தை ஜோர்டன் கையிலும் பிப்பன் கையிலும் ஒப்படைத்தார். தொடரின் முடிவில் அணியில் மிகுதியான அசிஸ்டுகள் கொடுத்திருந்தவர் முன்கள வீரரான பிப்பன்.

அங்கோலா 116–48, ஜெர்மனி 111–68, பிரேசில் 127–83 என்று ஆட்டங்கள் முடிந்தன. பிழை இருந்தது, பிழையின் விலை எதுவும் இல்லை. 44 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் ஓர் அணியில் பன்னிரண்டாவது ஆள் யார் என்பது ஆட்டத்தின் முடிவை எள்ளளவும் மாற்றாது. டிரெக்ஸ்லருக்குப் பதில் ஹார்டவேயும், ஸ்டாக்டனுக்குப் பதில் தாமஸும், லேட்னருக்குப் பதில் ஓ’நீலும் இருந்திருந்தாலும் தங்கம் அங்கேயேதான் இருந்திருக்கும். ஆகவே அந்த இடங்களுக்கு விளையாட்டு மதிப்பு என்று ஒன்று இல்லாமல் போய், மரியாதை மதிப்பு மட்டுமே மிஞ்சியது. ஆட்டத் தேவை பற்றிய சச்சரவைப் புள்ளிப்பலகை தீர்த்துவைக்கும். யாரை மதித்தார்கள், யாரை அவமதித்தார்கள் என்ற சச்சரவை அது தீர்க்காது. கனவு அணியின் தேர்வு பற்றிய வழக்கு நீதிமன்றம் கிடைக்காமல் இன்றும் அலைவதற்கு அந்த அணியின் அளவுமீறிய வலிமையே காரணம்.

பிற்காலத்தில் வித்தியாசம் குறையக் குறைய, தேர்வின் பொருளும் மாறியது. 2000 சிட்னி அரையிறுதியில் லித்துவேனியாவை அமெரிக்கா வென்றது இரண்டே புள்ளிகளில். 2004 ஏதென்ஸில், முதல் ஆட்டத்தில் பியூர்ட்டோ ரிக்கோவிடம் 92–73 என்று தோற்றுத் தொடங்கி, வெண்கலத்தோடு திரும்பியது. அதன் விளைவாக 2005இல் தேர்வுக் குழு முறையே கைவிடப்பட்டு, ஜெர்ரி கொலாஞ்சலோ என்ற ஒருவரிடம் தேர்வின் முழுப் பொறுப்பும் தரப்பட்டது. வீரர்கள் ஒரு கோடைக்கு மட்டும் வந்துபோகாமல் மூன்று ஆண்டு உறுதி அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன் காவை லெனர்ட் விலகியபோது, அந்த ஆண்டின் என்பிஏ இறுதிப் போட்டியின் சிறந்த வீரரான ஜேலன் பிரவுனை அழைக்காமல் அதே பாஸ்டன் குழுவைச் சேர்ந்த டெரிக் ஒயிட்டை அழைத்தார்கள். பிரவுன் வெளிப்படையாகவே மனம் நொந்தார். பட்டத்தையும் விருதையும் கொண்டு எழுந்த தாமஸின் பழைய வழக்கு இங்கே புதுப் பெயரில் திரும்பி வந்தது. ஆனால் செர்பியாவுக்கு எதிரான அரையிறுதியில் 17 புள்ளிகள் பின்தங்கியிருந்து 95–91 என்று மீண்டு வந்த ஓர் அணியில், யார் யாரோடு பொருந்துவார்கள் என்ற கேள்விக்கு உண்மையான எடை இருந்தது. 1992இல் அதே கேள்வி பேச்சளவில் மட்டுமே கேட்கப்பட்டது.

தாமஸின் கணக்கில் இன்னொரு பழைய பற்றும் உண்டு. 1980இல், பத்தொன்பது வயதில், அவர் அமெரிக்க ஒலிம்பிக் அணிக்குத் தேர்வாகியிருந்தார். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்த அணி போகவே இல்லை. அதே புறக்கணிப்பால் காலியான இடங்களால்தான் இந்திய ஆடவர் கூடைப்பந்து அணி மாஸ்கோவுக்குச் சென்று, தன் ஒரே ஒலிம்பிக்கை ஆடியது என்பது இந்திய வாசகர் கவனிக்கத்தக்க செய்தி. 1994 உலகப் போட்டிக்கான அணியில் தாமஸின் பெயர் சேர்க்கப்பட்டது. அந்த ஏப்ரலில் குதிகால் நாண் அறுந்து அவருடைய ஆட்டவாழ்வே முடிந்தது.

ஸ்பிரிங்ஃபீல்டிலுள்ள கூடைப்பந்துப் புகழ்மாடத்தில் தாமஸ் 2000ஆம் ஆண்டில் தனி வீரராகச் சேர்க்கப்பட்டார். கனவு அணி 2010இல் ஓர் அணியாகச் சேர்க்கப்பட்டது. அந்த அணியின் பன்னிரண்டு வீரர்களில் தனி வீரராக அங்கே இடம்பெறாதவர் லேட்னர் ஒருவரே. அவரிடம் ஒலிம்பிக் தங்கம் இருக்கிறது. தாமஸ் ஒலிம்பிக்கில் ஒரு நிமிடமும் ஆடவில்லை.